லொரேன் வெள்ளம்

“எங்கம்மா விழுந்தப்போ வேலையில இருந்தாங்கன்னு எழுதிக் குடுங்க” என்றாள் டெமி.

அவள் கையில் ரப்பர் குழாய் இருந்தது. கருங்கல் பாவிய முற்றத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, கல்லிடுக்குகளிலிருந்து ஆற்று வண்டல் பழுப்பாகக் கிளம்பி வடிகாலை நோக்கி ஓடியது. குழாயை மூடிவிட்டுப் பேசலாம்தான். ஆனால் மூடினால் வாயும் மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

இதை மட்டும் கேட்காதே என்று காலையில் பஸ் ஏறும்வரை அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். லீவு கேள், மிச்ச ரொட்டி கேள், வேண்டுமானால் சண்டைகூடப் போடு. இதைக் கேட்காதே. ஆற்றோரத்துக் கடைகள் சூழ்ந்த ஹேவர் முற்றத்தில் இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை.

பிப்பா அகலமான துடைப்பத்தால் தன் சூப்புக் கடை வாசல் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், மூக்கு நுனியில் சேறு. முதலாளி என்று வெளியூர்க்காரர் யாரும் கண்டுபிடிக்க முடியாது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“குழாய மூடு, கண்ணு.”

டெமி மூடினாள்.

“நீ என்ன கேக்குறேன்னு உனக்குப் புரியுதா?”

“புரிஞ்சுதான் கேக்குறேன். வேலையில விழுந்தாங்கன்னா உங்க இன்சூரன்ஸ் சம்பளம் குடுக்கும். இல்லன்னா யாரும் ஒண்ணும் குடுக்க மாட்டாங்க.”

“லொரேன என் வேலைக்காரின்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. அவ என் குடும்பம்.”

“சரி. குடும்பத்துக்கு யாரு வாடகை கட்டுறா?”

பிப்பா கோபப்படவில்லை. அவள் கோபப்படுகிறவள் அல்ல. கண்தான் கலங்கியது. அது டெமிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“கேளு. அன்னைக்குக் கடைய மூடியாச்சு. எல்லாரும் திரையத் தொட்டு வெளியேறியாச்சு. உங்கம்மாதான் முதல்ல தொட்டா. நான் சொல்லக்கூட இல்ல. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நாம ஒருத்தருக்கொருத்தர் பண்ணுனது. இப்ப போயி அத வேலைன்னு எழுதுனா, வேலைக்கு வந்தவங்கள வெள்ளத்துல எறக்குனேன்னு ஆகும். இந்த முற்றத்துக்கு இன்சூரன்ஸ் தர ஒரே ஒரு கம்பெனிதான் மிச்சம் இருக்கு டெமி. மொத்த முற்றத்துக்கும் ஒரே பாலிசி. அவங்களும் ஓடிட்டாங்கன்னா சீஸ் கடை, புத்தகக் கடை, நான், எல்லாரும் காலி.”

“எங்கம்மா ஏற்கெனவே காலி.”

“நாங்க அவள விட்டுருவோமா?” பிப்பா கிட்டே வந்து ஈரக் கையால் டெமியின் தோளைத் தொட்டாள். “போயி யாரை வேணா கேட்டுப் பாரு. அன்னைக்கு இங்க யாராவது வேலை செஞ்சாங்களான்னு கேளு.”

பிப்பா சொன்னதில் பொய் இல்லை. சமையலறைக் கதவருகே சுவரில் ஒரு தொடுதிரை இருக்கிறது. வரும்போது உன் பெயரைத் தொட்டால் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். போகும்போது தொட்டால் அணையும். பச்சை எரிகிற நேரத்துக்குத்தான் சம்பளம். ஆறு ஏறும் நாளில் மட்டும் முற்றத்தில் வேறு வழக்கம்: முதலில் எல்லோரும் பச்சையை அணைப்பார்கள், பிறகு சாமான் தூக்குவார்கள். முதலாளிகளும் தூக்குவார்கள். தன் கடைச் சாமானை யாரும் முதலில் தொட மாட்டார்கள், பக்கத்துக் கடையிலிருந்து ஆரம்பிப்பார்கள். பச்சை எரிய விட்டுக்கொண்டு தூக்கியவர் என்று அந்த முற்றத்தில் ஒருவரும் இல்லை.

---

வெள்ளம் வந்த அன்றைக்கு யார்க் நகரத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆறு சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். மழை மேற்கே மலையில் பெய்யும். ஊஸ் ஆறு அதை வாங்கிக்கொண்டு ஒன்றிரண்டு நாள் கழித்து, வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாக இருக்கும்போது வரும். முதலில் படித்துறை மறையும். பிறகு கரையோரத்து விளக்குக் கம்பங்கள் பாதியாகும். பிறகு வாத்துகளும் காட்டு அன்னங்களும் ரோட்டுக்கு நடந்துவரும்.

மதியச் சாப்பாட்டு நேரம். டெமி மூன்று கிண்ணம் சூப்பை ட்ரேயில் வைத்து வெளியே எடுத்துவந்தபோது, முற்றத்தின் நடு வடிகாலிலிருந்து தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. பொங்கவில்லை, சுரந்தது. வட்டமாக, வழவழப்பாக, மாவு உப்புவதுபோல நிதானமாக உப்பியது. அதன்மேல் வெயில் பட்டு மின்னியது. வாசல்களில் தடுப்புப் பலகைகள் செருகியாயிற்று, மணல் மூட்டை அடுக்கியாயிற்று. ஆறு அதையெல்லாம் கேட்காமல் தரைக்கு அடியில் வந்து முற்றத்தின் நடுவில் தலையைத் தூக்கிப் பார்த்தது. டெமி ட்ரேயோடு அப்படியே நின்றுவிட்டாள். கல்லூரியில் அவள் எடுத்தது புவியியல். ஆறுகளைப் பற்றிப் பரீட்சையெல்லாம் எழுதியிருக்கிறாள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். எந்தப் பாடத்திலும் ஆறு இப்படி ஆளைப் பார்த்ததில்லை.

சீஸ் கடை க்ளைவ் வெளியே ஓடிவந்து ஒரு தகரத் தட்டைக் கரண்டியால் அடித்தார். அவ்வளவுதான். சாப்பிட வந்தவர்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டு வளைவு வழியாக வெளியேறினார்கள். மற்றவர்கள் வரிசையாக நின்றார்கள்.

முற்றத்தின் ஓரத்தில் இரும்புப் படிக்கட்டு ஒன்று மேல்மாடிப் பரணுக்குப் போகிறது. அதன் அடியிலிருந்து உச்சிவரை ஆள் நின்றார்கள். புத்தகக் கடைக்காரர் அலஸ்டேர், மெழுகுவத்தி செய்யும் அக்காக்கள், போலந்துக் கொழுக்கட்டை விற்கும் போஜெனா, தட்டு கழுவுகிறவர்கள், காப்பி போடுகிறவர்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. கை நீட்டினால் கையில் ஒரு பொருள் வந்தது. திரும்பி நீட்டினால் அடுத்த கை அதை வாங்கியது. புத்தகப் பெட்டிகள் போயின. லாவெண்டர் மணக்கும் மெழுகு மூட்டைகள் போயின. பிறகு க்ளைவ் கடையின் சீஸ் சக்கரங்கள் வந்தன. துணி சுற்றிய வெள்ளை வட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கனம். வெயிலில் அவை கைமாறிக் கைமாறி மேலே ஏறின. யாரோ பாட ஆரம்பித்தார்கள். கீழே, கணுக்கால் தண்ணீரில், அம்மா நின்றுகொண்டிருந்தாள். பாட்டுக்கு ஏற்ப இடுப்பை ஆட்டி ஆட்டிச் சாமானைத் தள்ளினாள்.

“தூக்குடி பட்டதாரி! படிச்ச கை நோகுதா?”

“நீ மொதல்ல உன் இடுப்பப் பாத்துக்கம்மா!”

எல்லோரும் சிரித்தார்கள். இவ்வளவு பேர் ஒரே உடம்பாக அசைய முடியும் என்று அன்றைக்கு முன்னால் கேட்டிருந்தால் டெமி நம்பியிருக்க மாட்டாள்.

எல்லாம் ஏற்றி முடித்து, தண்ணீர் முழங்காலைத் தொட்டபோதுதான் பிப்பா கத்தினாள். “புளிப்புமாவு! ஐயோ, என் புளிப்புமாவு!”

கடையின் ரொட்டிக்கெல்லாம் தாய் அந்த வாளி மாவு. பதினைந்து வருஷமாகத் தினமும் தீனி போட்டு வளர்த்தது. கடைக்குள், கீழ்த்தட்டில் இருந்தது. யாரும் எதுவும் சொல்வதற்குள் அம்மா பலகையைத் தாண்டி உள்ளே போனாள். வாளியோடு வந்தாள். இரும்புப் படியில் ஆறேழு படி ஏறியிருப்பாள், வழுக்கியது. டெமி மேலேயிருந்து பார்த்தாள்: அம்மா விழுந்தாள், ஆனால் வாளி விழவில்லை. இடது கை வாளியைத் தலைக்கு மேலே பிடித்திருந்தது. வலது கை மட்டும் இரும்புக்கும் உடம்புக்கும் நடுவில் மாட்டியது. அந்தச் சத்தம், காய்ந்த குச்சி முறிகிற சத்தம், மாடிவரை கேட்டது.

“சிந்தல!” என்று அம்மா கத்தினாள். “பிப்பா, ஒரு சொட்டு சிந்தல!”

முற்றமே கைதட்டியது.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். வசந்தம் முடியும்வரை அந்தக் கையைத் தண்ணீரில் வைக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். லொரேன் பாத்திரம் கழுவுகிறவள். காலையில் ஒரு வக்கீல் ஆபீசைக் கூட்டித் துடைப்பாள், மதியம் பிப்பாவின் பாத்திரங்கள். இரண்டும் அரை அரை வேலை. நோய்க்காலச் சம்பளம் கேட்க, இரண்டில் எந்த அரையும் போதாது என்றார்கள். இரண்டையும் சேர்த்து ஒன்றாக எண்ணுங்கள் என்றால், அப்படி எண்ணுவதில்லை என்றார்கள்.

---

போய்க் கேட்டுப் பார் என்று பிப்பாவே சொன்னதால், டெமி ஏப்ரனைக் கழற்றாமலே கேட்கக் கிளம்பினாள்.

சீஸ் கடையில் க்ளைவ் பளிங்குக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளம் வடிந்து சில நாளில் கடை மறுபடி மணக்க ஆரம்பித்திருந்தது: பால், உப்பு, குகைக்குள் இருப்பதுபோன்ற ஒரு ஈரம். சின்ன வயதில் அம்மா வேலை முடிக்கும்வரை டெமி இந்த வாசலில்தான் நிற்பாள். ஒரு சீஸை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, இந்த மாடு எந்த மலைச்சரிவில் புல் தின்றது என்று க்ளைவ் சொல்வதை வாய் பிளந்து கேட்பாள். இப்போதும் அந்தக் கடைக்குள் நுழைந்தால் அவளுக்குக் குரல் தானாகத் தணியும்.

“க்ளைவ், அன்னைக்கு எங்கம்மா வேலையா செஞ்சாங்க, சும்மா செஞ்சாங்களா?”

“அத ‘வேலை’ன்னு சொல்லாத கண்ணு.” அவர் துடைத்த துணியைக் கீழே வைத்தார். “முப்பது வருஷமா இந்த ஆத்தப் பாக்குறேன். உங்கம்மா அந்த வாளியப் பிடிச்சாளே, அந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததில்ல. ஒரு சொட்டு சிந்தல.”

“கை ரெண்டு எடத்துல ஒடஞ்சுது. கதை சொல்றப்போ அதையும் சேத்துச் சொல்லுங்க.”

“சொல்றேன்தானே?”

“இல்ல. வாளியோட நிறுத்திடுறீங்க.”

க்ளைவ் சீஸ் கத்தியை எடுத்தார். பிறகு மொழுமொழுவென்று ஒரு பெரிய துண்டு வெட்டி, மெழுகுத்தாளில் சுற்றி, நூல் கட்டி அவள் கையில் வைத்தார். “லொரேனுக்குப் பிடிச்சது. ஆறு வந்தா முதலாளியும் கெடையாது, தொழிலாளியும் கெடையாது. நாங்க அப்படித்தான் பொழச்சிக்கிட்டு வர்றோம். அத ஒடைக்காத.”

புத்தகக் கடையில் அலஸ்டேர் அவள் கேள்வியை முழுக்கக் கேட்டார், தலையாட்டினார், கண்ணாடியைத் துடைத்தார். உன் கோபம் ரொம்ப நியாயமானது என்றார். ஏணியில் ஏறி ஆறுகளைப் பற்றிய கனமான படப்புத்தகம் ஒன்றை எடுத்து, காசு வாங்காமல் கொடுத்தார். மெழுகுவத்திக்காரர்கள் ஒரு பெட்டி மெழுகுவத்தி கொடுத்தார்கள். காப்பிக்கடையில் ஒரு பை காப்பிப்பொடி. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு மணம், ஒவ்வொரு வெளிச்சம், ஒவ்வொரு பிரியம். கை நிறைந்துகொண்டே போனது. அவள் கேட்ட ஒரு வரி மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை.

கடைசியாகப் போஜெனாவின் ஜன்னல் கடை. ஒரு ஆள் நிற்கத்தான் இடம். உள்ளே அவள் மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கு வைத்து, விளிம்பை விரலால் நறுக் நறுக்கென்று மடித்துக்கொண்டிருந்தாள். கொதிநீர் ஆவியில் அவள் முகம் வந்து வந்து மறைந்தது.

“என்ன இது, கல்யாணச் சீரா?” என்றாள், டெமியின் கைகளைப் பார்த்து.

“எல்லாரும் குடுக்குறாங்க.”

“குடுப்பாங்க. நல்ல ஜனங்க.” அவள் விரல் நிற்கவில்லை. “நீ கேக்க வந்தது எனக்குத் தெரியும். நான் பாத்தேன். பிப்பா கத்துனது எனக்குப் பக்கத்துலதான். உங்கம்மா மூஞ்சியப் பாத்துத்தான் கத்துனா. என்னப் பாத்துக் கத்தல, க்ளைவப் பாத்துக் கத்தல.”

டெமி ஜன்னலுக்குள் குனிந்தாள். “இத எழுதித் தருவீங்களா?”

“இந்த ஜன்னலுக்குக் குத்தகை ஏப்ரல் வரைக்கும்தான். அதுக்கப்புறம் முற்றத்துக்காரங்க எல்லாரும் கையத் தூக்கணும். ஒருத்தர் தூக்கலன்னாலும் நான் வெளிய.” கொழுக்கட்டைகளைக் கரண்டியால் அரித்து டப்பாவில் போட்டு, மேலே வதக்கிய வெங்காயம் தூவினாள். “அதனால நான் பாக்கல. சூடா இருக்கு, பாத்துப் பிடி.”

---

டாங் ஹால் என்ற பகுதியில் அவர்கள் வீடு மூன்றாவது மாடி. டெமி கதவைக் காலால் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. அம்மா ஒவ்வொன்றாக வாங்கி இடது கையால் மேஜையில் அடுக்கினாள். சீஸை மோந்து பார்த்தாள். மெழுகுவத்தியையும் மோந்து பார்த்தாள். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவள் முகம் இவ்வளவு மலர்ந்து டெமி பார்க்கவில்லை.

“பாத்தியா? நான் சொன்னேன்ல? யாரு இப்படிக் குடுப்பா?”

“நான் கேட்டுட்டேன்மா.”

அம்மா சீஸைக் கீழே வைத்தாள். “எத?”

“நீ கேக்கக் கூடாதுன்னு சொன்னத.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும்.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. வெள்ளைக் கட்டிலிருந்து விரல்கள் வீங்கி, மஞ்சளாக நீட்டிக்கொண்டிருந்தன.

“அவங்க மூஞ்சில நான் எப்படிடி முழிப்பேன்?”

“வீட்டு ஓனர் மூஞ்சில எப்படி முழிப்பே? வக்கீல் ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?”

“வேற ஆள் பாத்துட்டாங்களாம்.”

“எப்போ?”

“முந்தாநாள். உன்கிட்ட சொன்னா நீ குதிப்பேன்னு சொல்லல.” அம்மா ஜன்னலைப் பார்த்தாள். “பதினோரு வருஷம் கூட்டுனேன் அங்க. என் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. ‘க்ளீனர் கவனத்துக்கு’ன்னு குப்பைத் தொட்டில சீட்டு ஒட்டுவாங்க. முற்றத்துக்குள்ள நான் கால் வெச்சா க்ளைவ் கத்துவான், லொரேன் வந்தாச்சு, இனிமே ஆறு வந்தா வரட்டும்னு. அது உனக்கு ஒண்ணுமில்லையா? நீ பட்டம் வாங்குன அன்னைக்குப் பிப்பா உனக்குக் கேக் செஞ்சா. நான் கேக்கல, அவளே செஞ்சா. அவங்ககிட்டப் போயி ‘அன்னைக்கு நான் உங்களுக்காகச் செய்யல, கூலிக்குத்தான் செஞ்சேன்’னு சொல்லணுமா?”

“ரெண்டும்தான்மா. ரெண்டும் ஏன் இருக்கக் கூடாது?”

“இருக்காது. அந்த எடத்துல இருக்காது.”

டெமி போஜெனாவின் டப்பாவைத் திறந்து இரண்டு தட்டில் வைத்தாள். அம்மாவுக்கு முள்கரண்டியால் துண்டு போட்டுக் கொடுத்தாள். வெங்காயம் இன்னும் சூடாக இருந்தது.

“உன்ன அவங்க தப்பா நெனச்சிடக் கூடாதுன்னு நான் எவ்வளவு பாத்தேன் தெரியுமா?” என்றாள் அம்மா, மென்றுகொண்டே. “அன்னைக்கு நீ பாட்டுக்கு மேல புத்தகம் தூக்கிட்டிருந்தே. கீழ திரையில உன் பேருக்குப் பக்கத்துல பச்சை எரிஞ்சிட்டே இருக்கு. உன்னோடது மட்டும். எனக்கு மானமே போயிடுச்சு. நான்தான் போயி அணைச்சேன்.”

டெமியின் கரண்டி நின்றது.

“என்னோடதையா?”

“ஆமா. என்னோடத மொதல்லயே தொட்டாச்சு. அப்புறம் உன்னோடதையும் தொட்டேன்.”

“அப்ப நான் வெளியேறல.”

“என்னது?”

“நான் அத மறக்கலம்மா. வேணும்னுதான் தொடல. யாராவது கேட்டாச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டு ஏறுனேன். யாரும் கேக்கல, பச்சையும் அணைஞ்சிருந்துச்சு. பிப்பா அணைச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்.” அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. “சாயங்காலம் வரைக்கும் நான் வேலையிலதான் இருந்தேன். எனக்குக் கூலி வரணும். எனக்கு வேலைன்னா, அதே படில நின்ன உனக்கும் வேலைதான்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். புரிய ஒரு வாய் மென்று விழுங்குகிற நேரம் ஆயிற்று.

“வேணாம், டெமி.”

“நீ ஒண்ணும் கேக்க வேணாம். உன் பேர நான் எங்கயும் சொல்லல. என் பேர்ல நான் கேக்குறேன்.”

“அணைச்சது நான்னு சொல்ல வேண்டி வரும்.”

“வரும்.”

“அந்த எடம் எனக்கு இல்லாமப் போயிடும்.”

டெமி எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அந்த வீட்டில் இப்போது அவள்தான் கழுவ வேண்டும்.

---

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் விருந்து. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும், கல் காய்ந்ததும், முற்றத்தில் நீளமாக ஒரே மேஜை போடுவார்கள். கதவுகளைக் கழற்றிப் பீப்பாய்கள்மேல் போட்ட மேஜை. அதன்மேல் அந்த வாளிப் புளிப்புமாவில் சுட்ட ரொட்டிகள், சீஸ், கொழுக்கட்டை, இஞ்சிக் கேக், பெரிய பாத்திரத்தில் சூப். குளிர்கால வெயில் தாழ்வாக வளைவுக்குள் நுழைந்து மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை படுத்திருந்தது. வெளியே ஊஸ் தன் கரைக்குள் திரும்பிப்போய், ஒன்றுமே செய்யாததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

டெமி பரிமாறிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் முகத்தைத் திருப்பவில்லை. அலஸ்டேர் புத்தகம் பிடித்திருந்ததா என்று கேட்டார்.

பிப்பா ஒரு கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினாள். பேச்சு அடங்கியது.

முற்றத்தின் தெற்குச் சுவரில் வெள்ளக் கோடுகள் இருக்கின்றன. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்ததோ அங்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு பெயர். அந்த வெள்ளத்தில் முற்றத்தைக் காப்பாற்றியவர் பெயர். தீயணைப்புக்காரர் ஒருவர், பழைய பாதிரியார் ஒருவர், க்ளைவின் அப்பா. ஒரு வெள்ளத்துக்கு நாயின் பெயர்கூட இருக்கிறது. வாங்க வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

“இந்தத் தடவ யாருன்னு நாங்க பேசவே இல்ல” என்றாள் பிப்பா. “பேச வேண்டி வரல.” மேற்கொண்டு பேச முடியாமல் ஒரு தூரிகையை எடுத்து நீட்டினாள்.

அம்மா தன் பச்சை மேலங்கியின் ஒரு கையை மாட்டி, மறு கையைக் கட்டின்மேல் தொங்கவிட்டிருந்தாள். எழுந்தாள். முகமெல்லாம் சிவந்துபோயிற்று. “நானா?” என்றாள். “அட, சும்மா இருங்கப்பா. நானா?” கோடு முழங்கால் உயரத்தில் இருந்ததால் மண்டியிட வேண்டியிருந்தது. க்ளைவ் தன் மேலங்கியைக் கழற்றித் தரையில் விரித்தார். அம்மா இடது கையால் எழுதினாள். எழுத்து கோணியது, பெயின்ட் வழிந்தது. லொரேன். பிறகு மேஜையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கல்லில் பட்டுச் சுவரில் பட்டு அந்தச் சத்தம் மேலே ஏறி, கூரைமேல் இருந்த புறாக்களைக் கிளப்பியது. டெமி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளும் தட்டினாள். தட்டாமல் இருக்க அவளால் முடியவில்லை.

பிப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தாள். “இப்பவாவது புரியுதா?”

“புரியுது. இதுபோல நான் எங்கயும் பாத்ததில்ல.”

“அதான்.”

டெமி ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். “நாளைக்கு நான் தொழிற்சங்க ஆபீசுக்குப் போறேன் பிப்பா. எங்கம்மாவுக்காக இல்ல. எனக்காக. அன்னைக்கு நான் திரையத் தொடல. சாயங்காலம் வரைக்கும் வேலையில இருந்தேன். அத எழுதிக் குடுக்கப் போறேன்.”

பிப்பாவின் முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது. “இன்னைக்கா இத சொல்லுவே? உங்கம்மா பேரு சுவத்துல இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கு.”

“எல்லாம் போயிடும் டெமி. இந்த மேஜ, இந்த ஜனங்க, எல்லாம். அது உனக்குச் சரியா?”

“சரியில்ல” என்றாள் டெமி. “ஆனா போறேன்.” ஏப்ரனை மடித்துப் பெஞ்சின்மேல் வைத்தாள்.

விருந்து முடிகிற நேரம். மேஜையில் சூப் கிண்ணங்கள் குவிந்து கிடந்தன. அம்மா எழுந்துவிட்டிருந்தாள். விரலில் பெயின்ட் காயவில்லை. பழக்கத்தில், யாரும் சொல்லாமல், இடது கையால் காலிக் கிண்ணங்களை எடுத்து, கழுத்திலிருந்து தொங்கிய வலது கையின் கட்டின்மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தாள். வெயில் அவள்மேல் விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். “இன்னைக்கு நீ ராணி, லொரேன்!” என்றார் யாரோ. ஆமாம் ஆமாம் என்று சிரித்தார்கள். அம்மா அருகில் வந்ததும் அலஸ்டேர் தன் கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டு, அன்பாக அவள் கண்ணைப் பார்த்து, அதையும் அந்தக் கட்டின்மேல் வைத்தார். மெழுகுவத்திக்காரர்களும் வைத்தார்கள்.

டெமி வளைவுக்குள் நடந்தாள். பின்னால் ஒரு கிண்ணத்தின்மேல் இன்னொரு கிண்ணம் உட்காரும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. ஆற்றோரமாகப் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போனாள்.